கிருஷ்ணகிரி தோட்ட வீட்டுக்கு நாயோடு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ராயக்கோட்டை செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, மாந்தோப்புக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை, நாய் வளர்க்கும் குடும்பங்கள் சில நாள் தங்கிச் செல்வதற்காக வாடகைக்குத் தருகிறோம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அழைக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஐயங்களைக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எங்கள் பதிலையும் சேர்த்திருக்கிறேன். முன்பணம் அனுப்புவதற்கு முன் முழுவதையும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாயை வீட்டுக்குள்ளேயே விடுவீங்களா, இல்ல வெளிய கட்டிப்போடச் சொல்வீங்களா?

வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். கூடம், திண்ணை, படுக்கையறை மூன்றிலும் தடையில்லை. சமையலறையில் மட்டும் வேண்டாம். தரை சிவப்புக் காவி பூசிய பழைய தரை என்பதால் நகம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கட்டிலில் படுக்க வைக்கும் பழக்கம் இருந்தால் அதன் போர்வையைக் கையோடு கொண்டுவந்து விரித்துக்கொள்ளுங்கள். இரவில் நாயை வெளியே கட்டிப்போடுவதற்குத்தான் எங்களிடம் அனுமதி இல்லை. காரணம் கீழே சிறுத்தை பற்றிய பதிலில் இருக்கிறது.

எத்தனை நாய் கொண்டு வரலாம்? பெரிய நாய்னா தனிக் கட்டணமா?

ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாய்கள் வரை ஏற்கிறோம். எடைக்கோ இனத்துக்கோ தனிக் கட்டணம் கிடையாது. ராட்வைலர், டாபர்மேன் போன்ற நாய்களையும் மறுப்பதில்லை. நாயின் குணத்தை உள்ளபடி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதே நாங்கள் கேட்பது. பருவத்துக்கு வந்திருக்கும் பெண் நாயை அந்த வாரங்களில் அழைத்து வர வேண்டாம். சுற்றுவட்டார நாய்கள் எல்லாம் வேலியோரம் கூடிவிடும், உங்களுக்கும் தூக்கம் இருக்காது, அக்கம்பக்கத்தாருக்கும் இருக்காது.

தடுப்பூசிச் சான்று கட்டாயமா? எங்க நாய் வீட்டை விட்டு வெளியவே போகாது.

கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஓராண்டுக்குள் போடப்பட்டிருக்க வேண்டும், அதைக் காட்டும் புத்தகத்தின் படத்தை அனுப்ப வேண்டும். வீட்டுக்குள்ளேயே வளரும் நாய் என்றால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. வேறு நாய்களோடு பழகாத அந்த நாய்க்கு இங்கே எல்லாமே புதிது.

எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு வாருங்கள். வரப்பிலும் வாய்க்காலிலும் எலி நடமாட்டம் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரை நாய் நக்கினாலோ மிதித்தாலோ அந்நோய் தொற்றக்கூடும். அது மனிதருக்கும் பரவும். நாய்க்குட்டிக்கு முதல் சுற்று ஊசிகள் முடியவில்லை என்றால், பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

கார் இல்லை. ரயிலில் நாயோடு வர முடியுமா?

கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது. சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஜோலார்பேட்டையிலும், பெங்களூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஓசூரிலும், சேலம் பக்கமிருந்து வருகிறவர்கள் தருமபுரியிலும் இறங்கி, அங்கிருந்து வாடகைக் கார் பிடிக்க வேண்டும். ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்புக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் அறை முழுவதையும் நீங்களே பதிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். வேற்று மனிதர், இருட்டு, இரைச்சல் ஆகியவற்றுக்கு அஞ்சும் நாயை அதில் ஏற்ற எனக்கு மனம் வராது. காரில் வர வழியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுதான்.

நாய்க்குச் சாப்பாடு நீங்களே தருவீங்களா?

முன்னதாகச் சொன்னால் சோறும், எலும்பு நீக்கிய வேகவைத்த கோழிக்கறியும், உப்பில்லாத ராகிக் களியும் செய்து தருவோம். இந்தப் பக்கத்து நாய்கள் களியும் மோரும் உண்டே வளர்கின்றன. உலர்தீனி மட்டுமே தின்று பழகிய நாய்க்கு உணவைத் திடீரென்று மாற்றினால் வயிறு கெடும் என்பதால், அந்தத் தீனியைக் கொண்டுவாருங்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. எங்கள் வீட்டுக் கீரைக் கடைசலில் வெங்காயமும் பூண்டும் தாராளமாக இருக்கும். ஆசையாகக் கேட்கிறதே என்று இலையிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டாம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாய்க்கு மிகவும் ஏற்ற காலம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் வெயில் கடுமை. பக், ஷீட்சூ போன்ற தட்டை மூக்கு நாய்களை அந்த மாதங்களில் அழைத்து வர வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். அவற்றால் மூச்சிரைத்து உடற்சூட்டை எளிதில் தணித்துக்கொள்ள முடியாது.

மாம்பழப் பருவத்தைப் பார்க்கத்தான் பலருக்கும் ஆசை. மே முதல் ஜூலை வரை தோப்பில் செந்தூராவும் பெங்களூராவும் நீலமும் அடுத்தடுத்துப் பழுக்கும். கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சியும் அந்தச் சமயத்தில்தான் நடக்கும். ஆனால் தரையில் விழுந்து கிடக்கும் பழங்களை நாய் விடாது. சதை தின்றால் பெரிய கேடில்லை, கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போய்விடும். அதேபோல, பூவெடுக்கும் தை, மாசி மாதங்களில் மரங்களுக்கு மருந்தடிப்போம். அடித்த நாளிலும் மறுநாளிலும் அந்தப் பகுதிக்கு நாயை விட மாட்டோம். எந்தப் பக்கம் மருந்தடித்திருக்கிறது என்பதை வந்தவுடன் காட்டிவிடுவேன்.

தோட்டத்துல அவுத்து விடலாம்ல? அதுக்குத்தானே வர்றோம்.

வீட்டைச் சுற்றிக் கம்பிவலை அடித்த பகுதியில் அவிழ்த்து விடலாம். அங்கே புல்தரை, இரண்டு வேப்பமரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கின்றன. வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம் என்பதால் தோண்டி வெளியேறவும் முடியாது. அந்த வலையைத் தாண்டினால் கயிறு இல்லாமல் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் எவருக்காகவும் தளர்த்துவதில்லை. எவ்வளவு பழக்கிய நாயாக இருந்தாலும், கூப்பிட்ட குரலுக்கு உடனே திரும்பினாலும், இதுதான் விதி.

காரணங்களைச் சொல்கிறேன். இந்தப் பகுதியில் பாசனக் கிணறுகள் பலவும் பாறையை வெட்டித் தோண்டியவை. கைப்பிடிச் சுவர் இல்லாதவையும் அவற்றில் உண்டு. எருக்கும் உண்ணிச்செடியும் விளிம்பை மூடியிருக்கும்போது, ஓடிவரும் நாய்க்குக் கிணறு இருப்பதே தெரியாது. அடுத்தது, காட்டுப்பன்றிக்காகச் சிலர் வைக்கும் சட்டவிரோத மின்வேலி. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. யானையையே கொல்லும் மின்சாரத்தின் முன் நாய் எம்மாத்திரம்? மூன்றாவது, அவுட்டுக்காய். பன்றியைக் கொல்வதற்காகத் தீனிக்குள் வெடிமருந்தை வைத்துப் போடுவார்கள். மோப்பம் பிடித்துக் கவ்வுகிற நாயின் தாடை சிதறிவிடும். இவை எங்கள் தோப்பில் இல்லை. ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் எங்கள் வரப்போடு நின்றுவிடாது.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது, பக்கத்து நிலத்தில் மேயும் வெள்ளாடுகள். சினையாடு ஒன்றை நாய் துரத்தினாலே போதும், கடிக்கக்கூட வேண்டாம், குட்டி கலைந்துவிடும். ஓர் ஆட்டின் விலையை நீங்கள் எளிதாகக் கொடுத்துவிடுவீர்கள். அந்த ஆட்டை நம்பிப் பள்ளிக் கட்டணமோ மருந்துச் செலவோ கணக்குப் போட்டிருக்கும் வீட்டுக்கு அது ஈடாகாது. நாய்களுக்கு இடம் தரும் வீடு என்று நாங்கள் நடத்துவதற்கு அக்கம்பக்கத்தார் ஒத்துழைப்பதே, இதுவரை இந்தக் கயிறு அவிழவில்லை என்பதால்தான்.

சின்னக் குட்டிதான், எதையாவது கடிச்சுவச்சா?

செருப்பு, மிதியடி போனால் பரவாயில்லை. சொட்டுநீர்க் குழாயைக் கடித்தால் மட்டும் உடனே சொல்லுங்கள். கறுப்பு நிறத்தில் மெல்லியதாக, வெயிலில் சற்று இளகிக் கிடக்கும் அந்தக் குழாய் பல் முளைக்கும் குட்டிகளுக்கு மிகவும் பிடித்துப்போகிறது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் வரிசைக் கடைசியில் இருக்கும் கன்றுகளுக்குத் தண்ணீர் போகாது. அதற்காகப் பணம் வாங்குவதில்லை, தெரிந்தால் இணைப்பான் போட்டு ஒட்டிவிடுவோம்.

நெருஞ்சி, உண்ணி எல்லாம் நிறைய இருக்குமா?

இருக்கும். நெருஞ்சி முள் நாயின் பாதத்தில் விரல் பட்டைகளுக்கு நடுவே, மயிருக்குள் மறைந்துகொள்ளும். நாய் நொண்டாமலேயே திரும்பத் திரும்ப ஒரு காலை மட்டும் நக்கினால் அங்கே முள் இருக்கிறது என்று கொள்ளுங்கள். காலை மடக்கிப் பிடித்து, பட்டைகளை விரலால் விரித்து, வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள்நிறத் துணுக்கு தெரியும். இடுக்கியால் நேராக இழுத்து, உப்புநீரில் கழுவிவிட்டால் போதும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் நான்கு கால்களையும் பார்ப்பது நல்ல பழக்கம். காதுக்குள் ஊசிப்புல் ஏறினால் தலையை ஓயாமல் உதறும். அதை நீங்களாக எடுக்க முயல வேண்டாம், மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

உண்ணிக்கு, வருவதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவர் சொல்லும் மாத்திரையையோ சொட்டு மருந்தையோ கொடுத்துவிடுங்கள். திரும்பிப்போன இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், சோர்வு, மூக்கில் இரத்தம் என்று ஏதேனும் தெரிந்தால், கிராமத்துக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, தொடக்கத்திலேயே குணப்படுத்தலாம்.

பாம்பு வருமா?

தோட்டம் என்றால் பாம்பு உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. வீட்டைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டியிருக்கிறோம், விறகுக் குவியலைத் தள்ளி வைத்திருக்கிறோம். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் நாயைச் சிறுநீர் கழிக்கக்கூட வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம்.

கடித்துவிட்டால் வெட்டவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள், ஏனென்றால் வீக்கம் மேலேறும். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு காரில் ஏற்றுங்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். மேலே சொன்ன நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான். எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதைத் தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறோம்; எங்களில் ஒருவர் உடன் வருவோம்.

கோட்டை பார்க்க வர்றோம். நாயையும் மலை மேல கூட்டிப் போகலாமா?

கூடாது. ராயக்கோட்டை மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் பராமரிப்பு வேலைக்கு அல்லாமல் எந்த விலங்கையும் கொண்டுவரக் கூடாது என்பது 1959ஆம் ஆண்டு விதி. கிருஷ்ணகிரி மலைக்கும் நாயை ஏற்ற வேண்டாம் என்றே சொல்கிறேன்: அது மொட்டைப் பாறை, காலை ஒன்பது மணிக்கெல்லாம் கல் சுடத் தொடங்கிவிடும். உங்கள் புறங்கையைப் பாறைமேல் சில நொடிகள் வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

ஆனால் கோட்டைகளைப் பார்க்காமல் போகாதீர்கள். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்த நிலப்பகுதிக்காக மைசூர்ச் சுல்தான்களும் ஆங்கிலேயரும் மோதினார்கள். 1791இல் ராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியைத் தாக்கியவர்களால் மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் முழுவதும் அவர்களிடம் சென்றது. கிருஷ்ணகிரி மலையின் செங்குத்தான பக்கத்தைக் கீழிருந்து பார்த்தாலே, அந்தத் தாக்குதல் ஏன் தோற்றது என்பது விளங்கும். குடும்பத்தில் பாதிப் பேர் விடியற்காலையில் ஏறி இறங்க, மற்றவர்கள் நாயோடு இருந்துவிட்டு மறுநாள் போகலாம்.

அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்கு நாயைக் கூட்டிப் போகலாம்தானே? பைரவர் வாகனமே நாய்தானே?

இதைக் கேட்கிறவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். தேய்பிறை அட்டமியன்று அந்தக் காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரும் கூட்டத்தில் மனிதரே நகர முடியாது. சாதாரண நாளிலும் கோயிலைச் சுற்றித் தமக்கென்று இடம் வகுத்துக்கொண்ட நாய்கள் உண்டு. அந்த ஊரிலேயே இருக்கும் சென்றாயப் பெருமாள் கோயிலின் பழைய ஓவியங்களும், தருமபுரிக் கோட்டையின் மல்லிகார்ச்சுனர் கோயிலும் நீங்கள் பார்க்க வேண்டியவை. மேலே சொன்னபடி முறைவைத்துப் போய் வாருங்கள்.

நாயைப் போற்றிய மண் என்பதில் ஐயமில்லை. பக்கத்துச் செங்கம் பகுதியின் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவனுடைய நாய் கோவிவன் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் பெயரோடு பொறித்து, அதன் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். நடுகற்களில் ஆர்வம் இருந்தால் கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு அருங்காட்சியகங்களுக்குப் போகலாம்.

ஆத்துல குளிக்க வைக்கலாமா? ஒகேனக்கல் போகலாமா?

தென்பெண்ணை ஆற்றில் இறக்க வேண்டாம். பெங்களூரின் கழிவு கலந்து வரும் ஆறு அது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, அதில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விளையாடட்டும். ஒகேனக்கல்லில் காவிரியில் முதலைகள் உண்டு, நீரோட்டமும் பொல்லாதது. பரிசலில் நாயை ஏற்றுவது அதற்கும் உங்களுக்கும் ஆபத்து.

அப்ப நாயை ரூம்ல பூட்டிட்டு நாங்க மட்டும் போய்ட்டு வரலாமா?

கூடாது. பழக்கமில்லாத இடத்தில் தனியாக விடப்பட்ட நாய் கதவைப் பிறாண்டி நகத்தைப் பெயர்த்துக்கொள்ளும், இல்லையேல் ஓயாமல் ஊளையிடும். நிறுத்திய காருக்குள் விடுவது இன்னும் மோசம். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் வெயிலில் உள்ளே வெப்பம் சில நிமிடங்களில் உயிருக்கே உலை வைத்துவிடும். தனியாக வருகிறவர்கள் முதல் நாளே சொன்னால், நாய் எங்கள் வீட்டாரோடு பழகிய பிறகு, இரண்டு மூன்று மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஊர் நாய்ங்க சண்டைக்கு வருமா?

வலைக்கு வெளியே நின்று குரைக்கும். எங்கள் தோட்டத்து நாய் ஒன்றும் இருக்கிறது. தடுப்பூசி போட்டது, கருத்தடை செய்தது. முதல் சந்திப்பை வாசலில் வைக்காமல், இரண்டையும் கயிற்றில் பிடித்து, சாலையோரம் சற்று இடைவெளிவிட்டு ஒரே திசையில் நடத்திப் பழக்குவோம். நடைபாதையில் ஊர் நாய் நெருங்கினால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் வேண்டாம். திரும்பி மெதுவாக நடந்தாலே பெரும்பாலும் விலகிவிடும்.

எங்களது சிப்பிப்பாறை. முயல் துரத்தவாவது ஒரு தடவை விடலாமே?

முடியாது. முயலும் காடையும் கவுதாரியும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. நாயை ஏவித் துரத்துவதும் வேட்டையாகவே கொள்ளப்படும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை போன்ற நம் நாய்களை விரும்பி வரவேற்கிறோம். அவற்றுக்கு ஓட்டம் வேண்டும் என்பதும் தெரியும். அறுவடை முடிந்த ராகிக் காட்டில், நீளக் கயிற்றில், காலையும் மாலையும் ஓடவிட இடம் காட்டுகிறேன்.

யானை, சிறுத்தை வரும்னு சொல்றாங்களே?

ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்து, சானமாவு வரையிலும் வரும். நடமாட்டம் பற்றி வனத்துறை எச்சரிக்கும் நாட்களில் நடைக்குச் செல்வதில்லை. யானையைக் கண்டு குரைக்கும் நாய், அது துரத்தத் தொடங்கியதும் நேராக உங்களிடம்தான் ஓடிவரும். அதனால்தான் காட்டோரத்துக்கு நாயோடு போகவே வேண்டாம் என்கிறோம்.

சிறுத்தைக்கு நாய் எளிய இரை. எங்கள் தோப்புக்குள் வந்ததில்லை என்றாலும், மலையடிவார ஊர்களில் முதலில் காணாமல் போவது வாசலில் கட்டிப்போட்ட நாய்தான். கட்டிய நாயால் ஓட முடியாது. இரவில் வீட்டுக்குள் வைக்கச் சொல்வது இதற்காகவே.

எங்க நாய் யாரையாவது கடிச்சுட்டா யார் பொறுப்பு?

நீங்கள்தான். விலங்கை வைத்திருப்பவர் உரிய கவனம் எடுக்காமல் பிறருக்கு ஆபத்து விளைவித்தால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். வாய்க்கூடு போட்டு அழைத்து வரலாம், வேலையாட்கள் வரும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வோம்.

கடி பட்டவருக்குக் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது. உங்கள் நாய் ஊசி போட்டது என்றாலும் அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். தடுப்பூசி அங்கே இலவசம். செலவையும் நாள் கூலியையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

தீபாவளிக்குப் பட்டாசு சத்தத்துக்குப் பயந்து அங்க வரலாமா?

வரலாம், பலரும் வருகிறார்கள். நகரத்தை விடச் சத்தம் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்று மாலையில் ஜன்னல்களைச் சாத்தி, உள்ளறையில் மின்விசிறியை ஓடவிட்டு, நாய்க்கு அருகிலேயே இருங்கள். மிகவும் நடுங்கும் நாய் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே மாத்திரை எழுதி வாங்கி வாருங்கள்.

பொங்கலை ஒட்டி வருகிறவர்களுக்கு வேறோர் எச்சரிக்கை உண்டு. தை, மாசியில் சுற்றுவட்டாரத்தில் எருது விடும் விழா நடக்கும். காளைகள் சீறிவரும் தெருவும், கூட்டத்தின் ஆரவாரமும் எந்த நாய்க்கும் ஆகாது. கருங்கல் குவாரிகளில் வெடி வைக்கும் சத்தமும் சில நாட்களில் தொலைவிலிருந்து கேட்கும். சத்தத்துக்கு அஞ்சும் நாய் என்றால் தேதியை முடிவு செய்வதற்கு முன் என்னைக் கேளுங்கள். எந்த ஊரில் எப்போது விழா என்று விசாரித்து, அந்த நாட்களைத் தவிர்த்து முன்பதிவு தருகிறேன்.